படகில் ஒரு தட்டு

கார்த்திகை, ஞாயிறு.

தங்கச்சி அந்தமானில் ஒரு காட்டு விடுதியில் கைடு. வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய்ப் பறவை காட்டுகிறாள். "குருவி காட்றதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்ட அப்பா, அவளோடு பேசி ஒரு வருஷமாகிறது.

இன்று வீடியோ அனுப்பியிருந்தாள். கிளையில் மீன்கொத்தி. அவள் வாயே திறக்கவில்லை, படகுப் பலகையில் ஒரே தட்டு. படகுக்காரன் படகை நிறுத்திவிட்டான், பறவை அசையவில்லை. என்ன அழகு!

பக்கத்திலிருந்து பார்த்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, கேஜ், ஓட்டினவர் அவர். அங்கேயும் ஒரு பெல் அடித்தால் நிறுத்தணும்.

"படகுக்காரனுக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

"அவதாம்பா."

இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

"பெல் சரியா குடுக்கறா. போன் போடு."

லைன் கிடைக்கவில்லை. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அது என் போன்.