வெறும் கூடு

அண்ணா,

குழாயை எடுக்கச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்காக இனி எனக்குப் போன் செய்யாதே.

நேற்று அம்மாவின் கட்டிலருகே நின்றுகொண்டே டாக்டரிடம் சொன்னாயே, "அம்மா எப்பவோ போயிட்டாங்க டாக்டர், இது வெறும் கூடு. சாப்பாட்டுக் குழாயை எடுத்துடலாம்" என்று. அம்மாவுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

உனக்கு ஆன்மாவில் நம்பிக்கை உண்டு. அம்மா எங்கேயோ நல்ல இடத்தில் இருக்கிறாள் என்று நீ நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. செத்தால் அதோடு சரி என்று நினைக்கிறவள் நான். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன இந்த உடம்புதான் எனக்கு அம்மா. இதை விட்டால் வேறு அம்மா எனக்கு எங்கே இருக்கிறாள்?

நீ கிளம்பும்போது பிடித்த கையை அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நரம்பு இழுக்குது, வேற ஒண்ணுமில்ல" என்றாய். கோபம் வந்தால் வாயைத் திறக்காமல் கையை உதறுகிறவள் அவள். அது மறந்துவிட்டதா உனக்கு? நீ போனதும் அதே கையை நான் பிடித்தேன். இறுக்கிக்கொண்டாள், விடவே இல்லை. "உங்க அண்ணன் மேலதான் கோபம் போல" என்றாள் நர்ஸ்.

கூடு கோபப்படுமா அண்ணா?

நேரில் வந்து அவளிடம் மன்னிப்புக் கேள். அவள் உனக்குக் கை கொடுத்தால், பிறகு என்னோடு பேசு.

உன் தங்கை