கவுன்சிலருக்குப் போர்த்திய சால்வை

நாற்காலியில் கிடக்கும் சால்வையில் நாப்தலின் பூச்சிமுட்டை மணக்கிறது. போன சனிக்கிழமை என் தோளில் விழுந்தது. உனக்குப் போர்த்த வந்திருந்தால் நீ வாங்கியிருக்க மாட்டாய்.

நர்சரி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்று சிநேகிதமானவர்கள் நாம். நீ கவுன்சிலரான பிறகு, நூலகத்தில் சனத்தைச் சந்திக்கும் நாட்களில் பக்கத்தில் இருந்து பெயர் எழுதுவேன். லண்டனுக்கு வந்து எத்தனை வருடமானாலும் எங்கள் சனத்துக்குக் கவுன்சிலர், எம்.பி., மந்திரி எல்லாம் ஒரே ஆள்தான். ஒருநாள் ஒருவர் விசாக் கடிதத்தோடு சால்வையும் கொண்டுவந்தார்.

"சால்வையை மடிச்சு வையுங்கோ அண்ணை. குப்பை எடுக்காட்டில் நான் கத்த ஏலும். விசா தர ஏலாது."

"அப்ப எம்.பி.?"

"அவரும் கேக்கத்தான் ஏலும். முடிவு ஹோம் ஆபிஸின்ர."

"பின்னை என்னத்துக்குப் பிள்ளை உங்களுக்கு வோட்டுப் போட்டனாங்கள்?"

"குப்பைக்குத்தான்!" என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

பிறகு என்னிடம் சொன்னாய்: "சால்வையை வாங்கினால் வாக்குக் குடுத்த மாதிரியடி. அதோட லோயரைத் தேடுறதை விட்டிடுவினம்."

நீ கண்மூடிய பிறகு உன் இடத்துக்கு என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். வென்றேன். சனிக்கிழமைதான் என் முதல் சந்திப்பு. மனைவியின் விசாவை நீட்டிக்க மறுத்த கடிதத்தோடு ஒருவர் வந்தார். நான் எழும்பும் முன்பே சால்வையைப் போர்த்திவிட்டார். ஏலாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பாக்கிறன் அண்ணை" என்றேன்.

இன்று புதன். மனம் கேளாமல் அவருக்குப் போன் எடுத்தேன்.

"லோயரைப் பாத்தனீங்களோ அண்ணை?"

"ஏன் பிள்ளை? நீங்கள்தானே பொறுப்பெடுத்தனீங்கள்."

கடிதத்தின்படி அப்பீல் செய்ய வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். "எனக்கு அந்த அதிகாரம் இல்லை அண்ணை. அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். என்ர பிழை."

போனில் அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை தாயிடம் பால் கேட்டுச் சிணுங்கியது.

"அப்ப இவவை அனுப்பிப் போடுவினமோ?"

"தெரியேல்லை அண்ணை."

நான்கு லோயர்களைக் கேட்டதில் ஒருவர் மட்டும் நாளை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார். நானும் கூடப் போகிறேன். பிந்திவிட்டதோ தெரியவில்லை. என் மகன் நித்திரையில் என் விரலைப் பிடித்திருக்கிறான். அந்தக் குழந்தையும் தாயின் விரலை இப்படித்தானே பிடித்திருக்கும்.

உனக்குப் பயமே இல்லை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஏலாது என்று சொல்லி அனுப்பிய பிறகு நீ எழும்பிப்போய் முகம் கழுவிக்கொண்டு வருவாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. இன்று போனை வைத்துவிட்டு நானும் போய் முகம் கழுவினேன்.