மினுங்கிய மீசை

என் மகாராணிக்கு, நான் இங்கே சிங்கம்போல் இருக்கிறேன். உன் மூட்டுவலி தேவலையா?

எங்கள் சாயப் பட்டறையில் ரசாயன மருந்து யார் தோலில் படுகிறதென்று பார்க்க அதிகாரி ஒருவர் வந்தார். மருந்தில் ஒரு பொடியைக் கலந்தார். வேலை முடிந்ததும் ஊதா விளக்கை எங்கள்மேல் பிடித்தார். மருந்து பட்ட இடமெல்லாம் மினுங்கியது. என் மீசையால் பட்டறைக்கே வெளிச்சம்!

“கையுறையோட மீசைய முறுக்குறீங்களா? மருந்து மூக்குல ஏறிடும்யா. இனிமே முறுக்காம இருப்பீங்களா?”

“அது மட்டும் முடியாதுங்க.”

“அப்ப எடுத்துடுங்க.”

பெண் பார்க்க வந்த அன்று கதவிடுக்கில் நின்று நீ சிரித்தது இந்த மீசைக்குத்தானே? இன்று காலை எடுத்துவிட்டேன். இப்போதும் ராஜா மாதிரிதான் இருக்கிறேன். கண்ணாடி பார்க்கத்தான் நேரமில்லை.

மீசை தெளிவாகத் தெரிகிற பழைய படம் ஒன்று அனுப்பு. நீயும் பக்கத்தில் நிற்கிற படமென்றால் இன்னும் நல்லது. பட்டறை வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் வீட்டுக்காரன்