பக்கத்தின் அடியில் உன் பெயர்

கரிக்கலாம்பாக்கம்,
ஞாயிறு.

அன்புத் தம்பி கலைவேந்தனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது. நேற்று போனில் பேச்சை எடுத்ததுமே "வுடுக்கா, அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டாய். கடிதமென்றால் முழுவதும் படிப்பாய் என்றுதான் பூனா விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன்.

நேற்று காலை உன் தென்றலைப் பார்க்க மூலக்குளத்தில் அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள். அடுத்த மாதம் முதல் வாரத்தில் குழந்தை பிறந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். நான் கொண்டுபோன புளிச்சோற்றை அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் மாமனார் வந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா செல்வி, பொண்ணக் குடுத்தவன ஊர் சிரிக்க வெச்சுட்டான் ஒன் தம்பி. இனிமே கொழந்த பொறந்தாலும் அவன் இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே போனை நீட்டி, நம் ஊர்த் தண்ணீர் பற்றிய வலைப்பக்கத்தைக் கீழே கீழே தள்ளி, கடைசியில் விரலை வைத்தார். 'ஆத்தர்: கலைவேந்தன்' என்று, எழுதியவன் நீ என்பதுபோல் இருந்தது.

அது எப்படி வந்தது என்று இரவு உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தேன். உன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தபோது, வெறும் எழுத்தாகத் தட்டினால் அதுவே வலைப்பக்கமாகும்படி அதில் இருந்த எடிட்டரைத் திருத்திக் கொடுத்தாய். தலைப்புகளுக்கு அது போடும் எண்களை நிறுத்தினாய். தமிழ் எழுத்து போனில் பெரிதாகத் தெரியும்படி செய்தாய். மதகு என்றைக்குத் திறக்கிறார்கள், எந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை என்று இவ்வளவு நாளும் அதில்தான் எழுதி வந்தேன். போன வாரம் வாய்க்காலை வீட்டு மனை போடுகிறவர்கள் செம்மண் கொட்டி மூடியதைப் படம் எடுத்துப் போட்டேன். படம் தபால்தலை அளவுக்கு வந்தது. அகலமாக வரட்டும் என்று நீ எழுதி வைத்த அமைப்புக் கோப்பை நானே திறந்தேன். ஒரு வரி எதற்கென்று தெரியவில்லை. அதுதான் படத்தைச் சுருக்குகிறது என்று நினைத்து அழித்துவிட்டேன்.

எழுதியவர் பெயரும் தேதியும் அடியில் வராமல் தடுத்து வைத்திருந்தது அந்த வரிதான். அது போனதும் லேப்டாப்பில் பதிந்திருந்த பெயரை எடிட்டர் தானாகவே எடுத்துப் போட்டுவிட்டது. வேறு இரண்டு வரிகளை மாற்றியதில் படம் அகலமானது. அந்தச் சந்தோஷத்தில் நான் கடைசி வரை தள்ளிப் பார்க்கவில்லை. மேலே படத்தில் உன் மாமனார் போடும் மனைகளின் 'மணவாளன் நகர்' பலகை பளிச்சென்று தெரிகிறது, கீழே மணவாளனின் மருமகன் பெயர்.

அவன் எழுதியிருக்க மாட்டான் என்று நேற்று அங்கேயே உன் மாமனாரிடம் சொன்னேன். "அவங்கிட்டயே கேட்டுட்டேன். வாயத் தொறக்கல. எழுதலன்னா எழுதலன்னு சொல்றதுக்கு இன்னா?" என்றார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நீ இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி யார் என்பதுதான். லேப்டாப் யாரிடம் இருக்கிறது என்று தென்றலுக்கே தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பெயர் இல்லாமல் எழுதுவது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்தையே எடுத்துவிடு என்கிறார் உன் மாமா. அவர் பயம் நியாயம்தான். நம் நிலத்தில் ஓடுவது மணவாளனின் டிராக்டர். ஆனால் நான் எழுதியதில் பொய் இல்லை. வாய்க்கால் அடைபட்டு, தண்ணீர் வடிய வழியில்லாமல் மேல்புறத்து நாற்றெல்லாம் மூழ்கி நிற்கிறது. இப்போது எடுத்தால், கலைவேந்தன் புளுகிவிட்டுப் பயந்து எடுத்துவிட்டான் என்பார்கள்.

அழித்த வரியை நான் திரும்பப் போடவில்லை. கோப்பின் தலையில் எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைத் தட்டி மறுபடி பக்கமாக்கினேன். இந்த முறை அடிவரை தள்ளிப் பார்த்தேன், சரியாக வந்திருக்கிறது. இணையத்தில் இன்னும் ஏற்றவில்லை. முதலில் ஏற்றினால் தம்பியைக் காப்பாற்றப் பெயரை மாற்றிவிட்டாள் என்று உன் மாமனார் சொல்வார். வாட்ஸப்பில் ஏற்கெனவே சுற்றும் பக்கத்தின் படங்களில் எப்படியும் உன் பெயர்தான் இருக்கும். அதனால் நாளைக் காலை மூலக்குளம் போய், தென்றல் முன்னால் அவரிடம் சொல்லிவிட்டு வந்து ஏற்றுகிறேன். என்ன சொல்வாரோ தெரியாது. டிராக்டரை நிறுத்துவார், அதற்கு மேலும் செய்வார். கேட்டுக்கொள்கிறேன்.

நீ அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிடு. பிள்ளையை முதலில் கையில் வாங்குகிறவன் நீயாக இருக்க வேண்டும். யார் எழுதியது என்று இனி யார் கேட்டாலும், அக்கா என்று சொல்லு. எனக்காக அந்த ஒரு வார்த்தையை நீ விழுங்கிக்கொண்டிருக்க வேண்டாம், ராஜா. மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

எழுதியவர்:
செல்வகுமாரி