புது மேப் காட்டிய வழி

வியாழக்கிழமை, இரவு.

மதியம் தையல் பிரிவுச் செல்விக்குப் பொங்கலூரிலிருந்து போன் வந்தது. அவள் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். கம்பெனி வேனில் அவளைக் கொண்டுபோய் விடும்படி என்னிடம் சொன்னார் மேனேஜர்.

"புது மேப் காட்டற வழியிலயே போங்க. மாறிப் போனா எனக்கு மெசேஜ் வந்துருமுங்க," என்றார். போன மாதம் வழி மாறிப் போன டிரைவரை வேலையை விட்டே அனுப்பியவர்.

பொங்கலூருக்குப் போகும் பல்லடம் ரோடு எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்டேட் ஆன மேப் சொன்னபடி மண் பாதையில் திரும்பினேன். அது ஒரு கோழிப்பண்ணையின் பூட்டிய கேட்டில் போய் முடிந்தது. வண்டியைத் திருப்ப இடமில்லை. ரிவர்ஸிலேயே வெளியே வந்து, மேப் அடுத்துக் காட்டிய சுற்று வழியில் போனதில் அரை மணி நேரம் வீணானது.

"வெரசாப் போங்கண்ணே," என்று செல்வி அழுதுகொண்டே இருந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது அவள் அம்மா வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு நின்றார். "இப்பத்தான்டி உசுரு போச்சு. உன்னையத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தாரு."

சாயங்காலம் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். "அதுக்கு நாம என்னங்க பண்ண முடியும்?" என்றவர், மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டார். "இன்னைக்கு மேப் காட்டின வழியைத் தாண்டாதவரு இவரு ஒருத்தருதானுங்க," என்று கை தட்டினார். அவர்களும் தட்டினார்கள்.

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்றுதான் தெரியவில்லை.