மடியில் வைத்திருந்த அரை மணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், இப்போதைக்கு அதைத்தான் சுகம் என்று சொல்ல வேண்டும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி ஷிப்டு முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பகலில் நன்றாகத் தூங்குகிறாய் என்று கடவுள் மேல் பாரத்தைப் போட்டு நம்பிக்கொண்டிருக்கிறேன். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை முயற்சி செய்தேன், உன் குரலைக் கேட்டதும் அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். எழுத்தென்றால் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம், நடுவில் அழுதாலும் உனக்குத் தெரியாது. பதறாமல் கடைசி வரைக்கும் படி.

நம் குழந்தை புறாவுக்குக் கேட்டிருந்த பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கவில்லை. மேல்முறையீடும் தள்ளுபடி என்று போன செவ்வாய்க்கிழமை தபால் வந்துவிட்டது. உன் சித்தி கண்ணை மூடி மூன்று வருடம், அன்றிலிருந்து அவள் பெற்ற புறாவை நான்தானே பார்க்கிறேன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் மனு போட்டேன். பெற்றவளாக இருந்தால் கேள்வி குறைவாம். பெரியம்மா என்றதும், குழந்தை உங்கள் வீட்டில்தான் தூங்குகிறதா, தகப்பன் எங்கே, அவர் ஏற்கனவே வாங்குகிறாரா என்று எட்டுப் பக்கம் கேட்டிருந்தார்கள். உன் சித்தப்பா லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். அக்கா, நான் பெத்த புள்ளைய நான் பாத்துக்கலன்னு என் கையாலயே எழுதித் தரச் சொல்றீங்களே என்றார், போட்டுக் கொடுத்துவிட்டு வைத்த டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார், பாவம், அந்த மனுஷன் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கண்டமெல்லாம் தாண்டியாகிவிட்டது. நான் தடுக்கி விழுந்த இடம் வேறு, அது முழுக்க என் கைவேலை.

நான்கு வாரத்துக்குத் தினமும் என்னென்ன செய்கிறேன், எவ்வளவு நேரம் என்று ஒரு அட்டவணை எழுதித் தர வேண்டும், வாரத்துக்கு நாற்பது மணி நேரம் இருந்தால்தான் பராமரிப்பவர் என்று ஒத்துக்கொள்வார்கள். கணக்கு என்றதும் எனக்குக் குஷிதான். உன் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்து நீ தூங்கின பிறகு எழுதப் படித்தவள் நான், அரசாங்கமே என்னிடம் கணக்குக் கேட்கிறது என்று ஒரு பெருமை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஊட்ட ஒரு வேளைக்கு முக்கால் மணி, குளிப்பாட்டி உடுத்த ஐம்பது நிமிடம், துணி மாற்ற, காலை நீவி மடக்கி விட, மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க, எல்லாம் நிமிடத்தோடு. ஊட்டும்போது நடுவில் அடுப்பை அணைக்க எழுந்து போனால் அந்த இரண்டு நிமிடத்தைக் கழித்தேன். மத்தியானம் முழுவதும் வலிப்பு வந்துவிடக் கூடாதே என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், ஆனால் கை காய் நறுக்கிக்கொண்டிருக்குமே, சும்மா உட்கார்ந்ததை வேலை என்று எப்படி எழுதுவது, அதை எழுதவே இல்லை. காலையில் எழுந்ததும் அவளை மடியில் கிடத்திக்கொண்டு அரை மணி பிரார்த்தனை செய்வேன் அல்லவா, நீ இருந்தபோதும் அப்படித்தானே, அந்த நேரத்தில் மட்டும்தான் அவள் கை விறைப்பு விட்டுக் கொஞ்சம் தளரும். அதைக் கடவுளுக்குக் கொடுத்த நேரம் என்று நினைத்தேன், அவருக்குக் கொடுத்ததற்கு இவர்களிடம் போய்க் காசு கேட்பதா என்று மனசு கூசியது. ஒளிக்கவும் கூடாது என்று, பிரார்த்தனை, குழந்தை மடியில், அரை மணி, கழிவு என்று ஒவ்வொரு நாளும் எழுதிக் கழித்தேன். கடைசியில் கூட்டினால் வாரத்துக்கு முப்பத்தேழு மணி இருபது நிமிடம். குறைகிறதே என்று எனக்குத் தெரியும். இரண்டே முக்கால் மணிகூட இல்லை, உண்மையைப் பார்த்துக் கொடுக்காமலா போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அந்த அரை மணியைக் கழிக்காமல் விட்டிருந்தால் நாற்பதைத் தாண்டி ஐம்பது நிமிடம் மிச்சம் வந்திருக்கும்.

தகுதி இல்லை என்று தாள் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் நல்லவள்தான், அட்டவணையை முழுக்கப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஏம்மா, ஒண்ணை ஒன்பதா எழுதிட்டு வர்றவங்களைத்தான் நான் தினமும் பாக்கறேன், ஒன்பதை ஒண்ணாக்கிட்டு வந்து நிக்கிற ஆளை இன்னைக்குத்தாம்மா பாக்கறேன் என்றாள். உட்கார்ந்து பார்த்துக்கொண்ட நேரத்தையெல்லாம் இப்போது சேர்க்கலாமா என்று கேட்டேன். தாளில் இல்லாததை மேல்முறையீட்டில் புதிதாகச் சேர்க்க முடியாதாம், தாளில் இருப்பதற்குத்தான் விளக்கம் கொடுக்கலாமாம். தாளில் இருப்பது அந்தக் கழிவு ஒன்றுதான். அதையே பிடித்துக்கொண்டு, குழந்தை என் மடியில் இருந்தது, நான் விட்டிருந்தால் விழுந்திருக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த அம்மாளே புறாவின் பேரை இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இல்லத்துக்கும் பதிந்து வைத்தாள். அப்பா அன்றைக்கு அச்சகத்திலிருந்து வந்து, விரலிடுக்கில் பைண்டிங் பசையைச் சுரண்டிக்கொண்டே, கழிச்சதுதான் கழிச்ச, கடவுள்கிட்ட ஒரு ரசீதாவது வாங்கிட்டு வந்திருக்கக் கூடாதா என்று கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை வந்த பதிலில் இரண்டே வரி. பிரார்த்தனை என்பது பராமரிப்பவரின் சொந்த அலுவல், பராமரிப்பு நேரத்தில் சேராது. இதைப் படித்துவிட்டு நான் யாரைத் திட்டுவது சொல். அது சேராது என்று முதலில் எழுதினதே நான்தானே, என் எழுத்தையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது யோசித்தால் அதில் பாதி கர்வமோ என்று தோன்றுகிறது, நான் எவ்வளவு சுத்தமானவள் என்று ஆபீஸில் ஜன்னலுக்கு ஜன்னல் காட்டிக்கொள்ளும் கர்வம். அதற்குப் பலியானது நான் இல்லையே, அந்த வாயில்லாத பிள்ளையல்லவா.

நீ போகும்போது உன் இடுப்பில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போது ஒன்பது வயது, நீளமாக வளர்ந்துவிட்டாள், கனம் கூடிவிட்டது. பசித்தால் தொண்டைக்குள்ளேயே குமுறுவாளே, அது ஒன்றுதான் மாறவில்லை. என் முதுகு விஷயம் உனக்கு முழுவதும் சொல்லவில்லை. முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, இனிமேல் பாரம் தூக்கினால் நீங்களும் படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பணம் வந்தால் எதிர்வீட்டுத் துணி தேய்ப்பவரின் மனைவியைக் காலையும் மாலையும் வந்து தூக்கிவிடச் சொல்லலாம் என்று பேசி வைத்திருந்தேன். அப்பா போனால் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். போன வாரம் குளியலறையில் அவளைத் தூக்கும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது, அவளை மெல்லத் தரையில் விட்டுவிட்டு நானும் பக்கத்தில் படுத்தேன், எழுந்திருக்க முடியவில்லை, அப்பா வரும் வரைக்கும் இரண்டு பேரும் ஈரத் தரையிலேயே கிடந்தோம். அவள் பசியில் குமுறிக் குமுறி ஓய்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்குள்ளே ஏதோ விட்டுப்போயிற்று.

ஆகவே திங்கட்கிழமை அவளை இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறோம். ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது, திங்களைத் தாண்டினால் அடுத்த பெயருக்குப் போய்விடுமாம். ஆறு மாதம் கழித்துப் புதிதாக மனு போடலாமே என்று நீ சொல்வாய், நானும் கேட்டேன். குழந்தை வீட்டில் இருந்தால்தான் மனுவே. இல்லத்தில் இருக்கிற குழந்தைக்கு வீட்டில் பார்க்கிறவர் என்று யாரும் கிடையாதாம். கதவு சாத்தினால் சாத்தினதுதான்.

வியாழக்கிழமை இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். சுத்தமாகத்தான் இருக்கிறது, வரிசையாகக் கட்டில், ஜன்னலில் வலை. பொறுப்பாக இருக்கிற அம்மாள் ஒரு வெள்ளை நோட்டைக் கொடுத்து, குழந்தைக்கு ஒரு நாள் முழுக்க என்னென்ன செய்யணுமோ ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க என்றாள். உட்கார்ந்து எழுதினேன், இந்தத் தடவை எதையும் கழிக்கவில்லை. இடது பக்கமாகச் சாய்த்துத்தான் ஊட்ட வேண்டும், இல்லையென்றால் புரையேறும். அவள் வலது கையை இறுக்கினால் வயிற்று வலி, இரண்டையும் இறுக்கினால் பயம். ராத்திரி மூன்று தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மத்தியானம் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், கண் மேலே சொருகினால் உடனே ஒருக்களிக்க வேண்டும். பதினொரு பக்கம் வந்தது. அந்த அம்மாள் படித்துவிட்டு, இது மூணு ஆள் வேலைம்மா, நீங்க தனியாவா பண்ணீங்க, இங்க எட்டுப் பிள்ளைக்கு நான் ஒருத்திதாம்மா என்றாள். இதைச் சொல்ல ஒரு மனுஷி இருந்திருக்கிறாள், இந்த நோட்டை எழுத எனக்கும் தெரிந்திருக்கிறது, பிள்ளையைக் கொடுக்கும்போதுதான் இரண்டும் வெளியே வந்தன. கடைசி வரியை மட்டும் அவள் விரலால் தொட்டுக் காட்டி, மத்ததெல்லாம் முடிஞ்ச வரைக்கும் பாக்கறேம்மா, இது எங்களால ஆகாது, மடியில வெச்சுக்க இங்க யாருக்கும் நேரமில்ல என்றாள். காலையில் அந்த அரை மணி. நானே வந்து வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம்.

முதுகு வலிக்கிறது என்று நான் சொன்னதற்கே நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று போனில் சொன்னாயே, அது வேண்டாம். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு வாடி கண்ணு, வந்துவிடு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். உன் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம், அதைப் பாதியில் உடைத்தால் நீயும் இந்தச் சமையலறையில்தான் வந்து நிற்பாய். கடவுளிடம் தினமும் உட்காருகிறேன், கேட்க ஒன்றும் தோன்றவில்லை. உட்காராமல் இருக்கவும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த அரை மணியை, இன்னும் விடாமல் எழுதிவரும் என் கணக்கு நோட்டில் கழிவில் எழுதுவதில்லை, மடியில், முப்பது நிமிடம் என்று கூட்டலில் எழுதுகிறேன். பார்க்க ஆளில்லாத கணக்கு, இருந்தாலும் சரியாக இருக்கட்டும். இன்னும் இரண்டு காலை மிச்சம் இருக்கிறது.

உனக்கு நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று என் வயிறு வாழ்த்துகிறது. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, தள்ளிப்போடாமல் காட்டு. எங்கே எந்தத் தாளில் நேரம் எழுதச் சொன்னாலும் நீ நின்ற நேரம், உட்கார்ந்த நேரம், காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் எழுது, அம்மாவைப் போல் குறைத்து எழுதாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

கீழே கறையாக இருப்பது மை கொட்டினது இல்லை. இல்லத்துத் தாளுக்குப் புறாவின் பெருவிரல் ரேகை எடுத்தேன், மை காய்வதற்குள் உனக்கும் ஒன்று வைத்தேன். உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும் விரலை நீவிப் பிரிக்க ஏழு நிமிடம் ஆயிற்று. என் நோட்டில் எழுதிவிட்டேன்.