சம்பந்தி தேய்த்த சிவப்புத் தரை

சம்பந்தி,

கையை எத்தனை முறை கழுவினாலும் வாசம் போவதாக இல்லை. சவர்க்காரம் போட்டாயிற்று, எலுமிச்சைத் தோலும் தேய்த்தாயிற்று. நேற்று சாயங்காலம்தான் வட்டவளையிலிருந்து ராகலைக்கு வந்து சேர்ந்தேன். இன்று காலை பிளேன்டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனால் அதிலும் மண்ணெண்ணெயும் சிவப்புப் பாலிஷும் கலந்த வாசம்தான் வருகிறது. உங்கள் வீட்டு வாசம். அதோடு சேர்த்தே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களை முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்குப் பிடித்த நாள் இல்லை. என் மகள் செல்வியைப் பெண் பார்க்க, மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தீர்கள். எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் எங்கள் கூரைத் தகரத்தில் தொங்கிய ஒட்டடையைப் பார்த்தீர்கள். பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள் நான். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைக் கழுவி, துடைத்து, அந்த இடத்தைப் பளிச்சென்று வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என் இடுப்பு வளையாது. ஒட்டடைக்காகக் கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எழுந்து போகும்போது நீங்கள் என் பக்கம் வந்து நிதானமாகச் சொன்னீர்கள்: "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. கல்யாணத்துக்கு முந்தி ஒரு நாளைக்கு வர்றேன், வீட்ட நாம ரெண்டு பேருமா ஒரு கை பாத்துருவோம்."

சும்மா சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம், பையில் மாற்றுச் சேலையும் கையில் ஒட்டடைக் கம்புமாக வாசலில் வந்து நின்றீர்கள். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் வெட்கம். நீங்கள் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. மேலேயிருந்து கீழே வர வேண்டும், தரையை முதலில் கூட்டிவிட்டு ஒட்டடை அடித்தால் ஒரே வேலை இரண்டு வேலையாகிவிடும் என்றீர்கள். சாயம் வடித்த தேயிலைச் சக்கையை எடுத்து, ஈரம் போகப் பிழிந்து, தரையில் தூவிவிட்டுக் கூட்டினீர்கள். தூசி பறக்கவில்லை. சக்கையோடு ஒட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் பேசாமல் வந்தது. தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் நான், சக்கையை மிளகாய்ச் செடிக்குக் கொட்டுவதைத் தவிர வேறொன்றும் அறிந்திருக்கவில்லை.

செல்வி உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிவப்புத் தரைதான் உங்கள் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை. வட்டவளை மழையில் சேறு உள்ளே வராமல் வாசலில் இரண்டு சாக்கு. ஒன்றில் மிதித்து, மற்றதில் துடைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே வரலாம், தோட்டத் துரையே வந்தாலும். பாலிஷில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, மெல்லிசாகத் தடவி, காலுக்கடியில் தேங்காய் மட்டையை வைத்துக்கொண்டு மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கமாகத் தேய்ப்பீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டி ஆட்டித் தேய்ப்பதைப் பார்த்தால் கூத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். என்னிடம் இருந்தவரை கூட்டுகிற தும்புத்தடியைத் தொடாத பெண், உங்களிடம் பாட்டுப் பாடிக்கொண்டு தரை தேய்த்தாள். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்கள் கண்ணாலேயே மூலை மூலையாகப் பார்த்து என்னைக் குற்றம் சொல்லுவாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, சம்பந்தி. இப்போது சொல்வதில் என்ன இருக்கிறது.

ஒரு தடவை உங்களிடமே கேட்டேன், எப்படித்தான் தினமும் மனசு வருகிறது என்று. வேலை முடிந்து வந்தால் வீடு முழுக்கக் கிடக்கிற கிடையைப் பார்த்ததும் எனக்குப் படுத்துவிடத் தோன்றுகிறது என்றேன். அடுப்படிப் பாத்திரத்துக்குச் சாம்பல் போட்டுக்கொண்டே நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"முழு வீட்டையும் ஏன் பாக்குறீங்க? கொழுந்தெடுக்கப் போனா முழு மலையவா பாக்குறோம்? நம்ம நெரைய, அந்த ஒரு வரிசைய மட்டுந்தானே புடிக்கிறோம். கதவுக்குப் பின்னாடி மட்டும் கூட்டுங்க. முடிஞ்சா அடுத்தது, முடியலன்னா போய்ப் படுங்க."

படுக்கச் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

நெஞ்சை அடைக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை. கருமாதிக்கு முன்னால் துக்க வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்பது நம் வழக்கம். உறவுப் பெண்கள் எல்லோரும் கூடினோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சவர்க்காரத் தூள் கொட்டி, கட்டைத் துடைப்பத்தால் ஆளாளுக்குத் தேய்த்தார்கள். தீட்டுப் போனதோ இல்லையோ, பாலிஷ் போயிற்று. வருஷக்கணக்காக ஏறிய சிவப்பு, அழுக்குத் தண்ணீரோடு வாசல் சாக்கடைக் கானில் ஓடியது. காய்ந்த பிறகு தரை, தேமல் விழுந்த முதுகு மாதிரி வெள்ளையும் சாம்பலுமாகக் கிடந்தது. செல்வி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடுவதில்லை. அடுப்பு மூட்டுவதில்லை. கொழும்பில் கடை வேலை பார்க்கிற மாப்பிள்ளை மாதத்துக்கொரு முறை வந்து, கடையில் சோறு வாங்கி வைத்து, அது அப்படியே இருக்கப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அக்கம்பக்கத்தில் கோடாங்கியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு நாள் போனில் மாப்பிள்ளையின் குரலே சரியில்லை. "அத்த, எனக்குப் பயமா இருக்கு. அம்மா பின்னாடியே இவளும் போயிருவாளோன்னு இருக்கு. நீங்க வாங்க" என்றார். லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

வாசலில் சாக்கு இல்லை. உள்ளே செருப்புச் சேறு. அலமாரிக் கதவைத் திறந்தால் பூஞ்சண வாடை. ஈரத்தை இழுப்பதற்காக நீங்கள் துணியில் முடிந்து வைத்த அடுப்புக்கரியை யாரும் மாற்றவில்லை. செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை இளைத்துப் போயிருந்தாள். எழும்பு என்று கெஞ்சினேன், திட்டினேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். டவுனில் மருந்து கொடுக்கிற டாக்டரிடம் போகலாம் என்றேன், கண்ணை இறுக மூடிக்கொண்டாள். என் பிள்ளை என் கண் முன்னாலேயே கரைந்து கொண்டிருக்கிறாள், எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

வழி தெரியாதவள் என்ன செய்வாள்? கதவுக்குப் பின்னால் கூட்டினேன். அது முடிந்ததும் ஜன்னல் பக்கம் போனேன். ஒட்டடையை மறந்து தரையைக் கூட்டிவிட்டேன். பிறகு ஒட்டடை அடித்து, திரும்பவும் தரையைக் கூட்டினேன். மறுநாள் அலமாரிக்குக் கரி மாற்றினேன், பழைய பேப்பரை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். செல்வி பார்க்கிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பார்க்கவில்லை. கடைசியில் தரைக்கு வந்தேன். டவுனில் ஒரு டின் சிவப்புப் பாலிஷ் வாங்கி வந்து, தரையை நன்றாகத் துடைத்து, துடைத்த கையோடு பாலிஷை அள்ளி அப்பினேன். வெளியே மழை பொழிந்து கொண்டிருந்தது. அப்ப அப்பத் தரை திட்டுத் திட்டாக வெளுத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் போட்டால் சரியாகும் என்று இன்னும் போட்டேன்.

பின்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. கலைந்த தலையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈரத்து மேலயா போடுறீங்க? அடியில ஈரம் நின்னுரும்மா. அத்தை இருந்திருந்தா உங்கள வெளிய அனுப்பியிருப்பாங்க" என்றாள்.

நான் அப்படியே முழங்காலில் இருந்தேன். அவள் மெதுவாகக் குனிந்து என் கையிலிருந்த துணியை வாங்கினாள். "குடுங்க இங்க."

நான் வேண்டுமென்றே பிசகாகச் செய்தேன் என்று உங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொள்கிறார்களாம். அவ்வளவு புத்தி எனக்கு இருந்திருந்தால் ஒட்டடையிலேயே காரியத்தை முடித்திருக்க மாட்டேனா?

மண்ணெண்ணெய்த் துணியால் நான் அப்பியதையெல்லாம் இரண்டு பேருமாக வழித்தெடுத்தோம். நடுவில் அவளுக்குத் தலை சுற்றியது. உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தேன், முழுக்கக் குடித்தாள். தரை காய வேண்டும் என்று இரண்டு கதவையும் திறந்துபோட்டுக் காத்திருந்தோம். மழை விட்டு ஒரு காலையில் நல்ல வெயில் வந்தது. மெல்லிசாகத் தடவச் சொன்னாள், தடவினேன். மட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு அவள் ஒரு பக்கம், நான் உங்கள் பக்கம். பழைய சிவப்பு வரவில்லை. அது வருவதற்கு வருஷங்கள் ஆகும். ஆனால் ஜன்னல் வெளிச்சம் தரையில் லேசாகத் தெரிந்தது. திங்கட்கிழமை பேர் போடப் போவதாக, தேய்த்துக்கொண்டே, மூச்சு வாங்கச் சொன்னாள்.

துணி அலசுகிறேன் என்று, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்குப் போனேன். உங்களுக்காக நான் சரியாக அழவே இல்லை, சம்பந்தி. சாவு வீட்டில் இவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு இவளைப் பற்றிய கவலை. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டபடி நின்று அழுது தீர்த்தேன். உள்ளேயிருந்து அவள், சொட்டாமல் நன்றாகப் பிழிந்து கொண்டுவரச் சொல்லிச் சத்தம் கொடுத்தாள்.

டாக்டரிடமும் ஒரு தரம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் வந்தேன். மாப்பிள்ளை இனி வாரத்துக்கு ஒரு முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் திருந்திவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வந்ததும் ஒரு நெரை பிடித்தேன், மீதி வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது. செல்வி பொங்கலுக்கு வருகிறாள். வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே கண்ணைச் சுழற்றுவாள், ஏதாவது சொல்லுவாள். நினைத்தாலே பயமாக இருக்கிறது. இந்தப் பயம் எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றுதான் நான் வட்டவளைக்கு ஓடினேன்.